லினக்ஸில் கேம் விளையாடுவது புதியவர்களுக்கு எளிதா, கடினமா?

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். அலுவலகக் கோப்புகளைத் திறக்க முடியுமா என்பது ஒன்று. கேம் விளையாட முடியுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு லிப்ரே ஆபிஸைக் காட்டிப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு மட்டும், யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து நேர் எதிரான இரண்டு பதில்கள் வருகின்றன. "இப்போது எல்லா கேமும் ஓடும், தயங்காமல் மாறுங்கள்" என்பார் ஒருவர். "கேம் விளையாடுபவர் என்றால் லினக்ஸ் பக்கமே வராதீர்கள்" என்பார் இன்னொருவர்.

இரண்டும் பாதி உண்மைதான். விண்டோஸ் கேமை லினக்ஸில் இயங்க வைப்பது என்னும் தொழில்நுட்பச் சிக்கல் கடந்த சில ஆண்டுகளில் பெருமளவு தீர்ந்துவிட்டது. ஆனால் புதியவர் தடுக்கி விழும் இடங்கள் அதற்கு முன்னும் பின்னும் இருக்கின்றன. எந்த லினக்ஸ், எந்த இயக்கி, எங்கிருந்து நிறுவுவது என்ற முடிவுகள் முன்னால் நிற்கின்றன. கேமை உருவாக்கிய நிறுவனத்தின் அனுமதி பின்னால் நிற்கிறது. லினக்ஸைப் பரிந்துரைப்பவர்கள் இந்த இரண்டையும் சொல்லாமல் விடுவதால்தான், ஆர்வத்தோடு வருபவர்களில் பலர் ஒரே வாரத்தில் திரும்பிப் போகிறார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இது வெறும் பொழுதுபோக்குப் பிரச்சினை இல்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 நிறுவ டிபிஎம் 2.0 வசதியும், மைக்ரோசாப்ட் பட்டியலிட்டுள்ள பிராசசர்களில் ஒன்றும் தேவை. இவை இல்லாத கணினி நல்ல நிலையில் இருந்தாலும் அதிகாரப்பூர்வமாக மேலேற்ற முடியாது. அப்படிப்பட்ட கணினியை வைத்திருப்பவருக்கு லினக்ஸ் என்பது புதுக் கணினி வாங்கும் செலவைத் தள்ளிப் போடும் வழி. அவருக்குத் தவறான பதில் சொன்னால் நட்டம் அவருக்கு மட்டும் இல்லை. லினக்ஸ் மீதான நம்பிக்கையும் போகும்.

கடந்து வந்த பாதை

லினக்ஸில் கேம் என்ற முயற்சி புதிதல்ல. 1998-ல் தொடங்கப்பட்ட லோக்கி சாப்ட்வேர் என்னும் நிறுவனம், விண்டோஸில் புகழ்பெற்ற கேம்களை லினக்ஸுக்கு மாற்றி விற்றது. 2002 தொடக்கத்தில் அது மூடப்பட்டது. அங்கே உருவான எஸ்டிஎல் என்னும் நிரலகம் மட்டும் இன்றுவரை ஏராளமான கேம்களில் பயன்பட்டு வருகிறது.

இன்னொரு பாதை வைன். 1993-ல் தொடங்கிய இந்தத் திட்டம் விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்க முயல்கிறது. முழு விண்டோஸையும் உள்ளே போட்டு இயக்குவதில்லை. விண்டோஸிடம் நிரல் கேட்கும் ஒவ்வொன்றையும் லினக்ஸுக்குப் புரியும் விதத்தில் மாற்றித் தருகிறது. 1.0 பதிப்பு வெளிவரவே 2008 ஆகிவிட்டது. அப்போதும் கேம்கள் இயங்குவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகவே இருந்தது.

ஸ்டீம் என்னும் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கான ஸ்டீமை வெளியிட்டது. 2015 நவம்பரில் லினக்ஸ் நிறுவப்பட்ட ஸ்டீம் மெஷின் என்னும் கணினிகள் விற்பனைக்கு வந்தன. அவை எடுபடவில்லை. காரணம் எளிது. கேம் நிறுவனங்கள் லினக்ஸுக்கென்று தனிப் பதிப்பு உருவாக்க வேண்டும் என்று அந்தத் திட்டம் எதிர்பார்த்தது. பயனர்கள் குறைவு என்பதால் நிறுவனங்கள் வரவில்லை. கேம்கள் குறைவு என்பதால் பயனர்கள் வரவில்லை. கோழி முதலா முட்டை முதலா என்ற கதைதான்.

இந்தச் சுழலை உடைத்தது 2018 ஆகஸ்டில் வந்த புரோட்டான். வைனை அடிப்படையாகக் கொண்டு, வால்வும் வைன் வளர்ச்சியில் நீண்ட காலமாகப் பங்களித்து வரும் கோட்வீவர்ஸ் நிறுவனமும் இதை உருவாக்கின. விண்டோஸ் கேம்கள் திரையில் படம் வரைய டைரக்ட்3டி என்னும் இடைமுகத்தைப் பயன்படுத்துகின்றன. அந்தக் கட்டளைகளை வல்கன் என்னும் திறந்த தரத்துக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற திறமூல மென்பொருள் புரோட்டானுக்குள் இருக்கிறது. டைரக்ட்3டி 12-க்கு விகேடி3டி-புரோட்டான் இருக்கிறது. கேம் நிறுவனம் லினக்ஸுக்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதே பெரிய மாற்றம். 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவி இதை லட்சக்கணக்கானவர்கள் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஸ்டீம் நடத்தும் மாதாந்திரக் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு 2025 அக்டோபரில் முதன்முறையாக 3 விழுக்காட்டைத் தாண்டியது. அந்தக் கணக்கில் மிக அதிகமாகத் தென்படும் லினக்ஸ், ஸ்டீம் டெக்கில் உள்ள ஸ்டீம் ஓஎஸ்தான்.

இன்று எது எளிது?

ஏஎம்டி அல்லது இன்டெல் கிராபிக்ஸ் உள்ள கணினியில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை நிறுவியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிராபிக்ஸ் இயக்கி தனியாக நிறுவத் தேவையில்லை. அது லினக்ஸ் கெர்னலுடனும் மீசா என்னும் திறமூலத் தொகுப்புடனும் சேர்ந்தே வருகிறது. மென்பொருள் மேலாளரில் ஸ்டீமைத் தேடி நிறுவலாம். உள்நுழைந்து கேமைப் பதிவிறக்கி, விளையாடு என்ற பொத்தானை அழுத்தினால் போதும். புரோட்டான் என்ற ஒன்று பின்னணியில் வேலை செய்கிறது என்பதே தெரியாமல் விளையாடி முடிக்கலாம்.

தனியாளாக விளையாடும் கேம்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையில் அடங்கும். 2022-ல் எல்டன் ரிங் வெளிவந்தபோது விண்டோஸில் படம் விட்டு விட்டு நகர்வதாகப் பலரும் குறைபட்டார்கள். அதே கேமுக்கு வால்வ் புரோட்டானில் செய்த திருத்தத்தால் ஸ்டீம் டெக்கில் அந்தக் குறை வெகுவாகக் குறைந்தது. பழைய விண்டோஸ் கேம்களில் சில, இன்றைய விண்டோஸை விட வைனில் ஒழுங்காக இயங்குவதும் உண்டு. கேம் கன்ட்ரோலர்களும் பெரும்பாலும் செருகியவுடன் வேலை செய்கின்றன. பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலருக்கான இயக்கியை சோனி நிறுவனமே 2021-ல் லினக்ஸ் கெர்னலுக்கு அளித்தது.

ஆகவே, லினக்ஸில் கேம் விளையாடவே முடியாது என்பவர்கள் பத்தாண்டுக்கு முந்தைய கதையைச் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்து வாதத்துக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. மாற்றுப் பக்கத்து வாதத்தைத்தான் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

2021-ல் நடந்த ஒரு சோதனை

லினஸ் டெக் டிப்ஸ் என்னும் யூடியூப் சேனலை நடத்தும் லினஸ் செபாஸ்டியன், 2021 இறுதியில் தம் வீட்டுக் கணினியில் லினக்ஸை மட்டும் பயன்படுத்திப் பார்க்கும் தொடரை வெளியிட்டார். (லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வேறு, இவர் வேறு.) கேம் விளையாடுபவர்களுக்கு ஏற்றது என்று பலரும் பரிந்துரைத்த பாப் ஓஎஸ்ஸை அவர் தேர்ந்தெடுத்தார். முதலில் மென்பொருள் கடையில் ஸ்டீமை நிறுவ முயன்றார். பிழை வந்தது. பிறகு இணையத்தில் தேடி, முனையத்தில் கட்டளை கொடுத்து நிறுவ முயன்றார். அந்தக் கட்டளை நீளமான பட்டியல் ஒன்றைக் காட்டி, இன்றியமையாத பொதிகள் நீக்கப்படும் என்று எச்சரித்து, உறுதிப்படுத்த ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னது. அவர் செய்தார். கணினியின் டெஸ்க்டாப் முழுவதுமே நீக்கப்பட்டு, கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும் மிஞ்சின.

பொதிகளின் பதிப்புகளுக்கு இடையே அப்போது இருந்த பொருந்தாமைதான் இதற்குக் காரணம். அது விரைவில் சரிசெய்யப்பட்டது. அதே தொடரில் லினக்ஸ் மின்ட்டைத் தேர்ந்தெடுத்த அவருடைய சக ஊழியர் லூக் லாப்ரெனியருக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது பிழையை விட, அதற்கு வந்த எதிர்வினையை. எச்சரிக்கை தெளிவாக இருந்ததே, படிக்காமல் ஏன் ஒப்புக்கொண்டார் என்று லினக்ஸ் பயனர்களில் கணிசமானோர் அவரையே குறை சொன்னார்கள்.

அந்தக் குற்றச்சாட்டு நியாயமாகத் தோன்றும், புதியவரின் இடத்திலிருந்து பார்க்காத வரை. லினக்ஸ் கற்றுத்தரும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை என்ன சொல்கின்றன? இந்தக் கட்டளையை ஒட்டுங்கள், கடவுச்சொல் கொடுங்கள், கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் புரியாத பெயர்கள் கொண்ட பட்டியல் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொண்டால்தான் வேலை நடக்கிறது. இப்படிப் பழக்கப்படுத்தப்பட்ட ஒருவர், ஒரு கேம் கடையை நிறுவும் கட்டளை தம் டெஸ்க்டாப்பையே நீக்கும் என்று எப்படி ஊகிப்பார்?

மென்பொருளை உருவாக்குபவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். பொதிகளை நிறுவும் ஏபிடி கருவியே மாற்றப்பட்டது. இன்றியமையாத பொதிகளை அந்த ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்து நீக்கும் வழி அதன்பின் அடைக்கப்பட்டது. தவறு பயனருடையது மட்டும் என்றால் கருவியை மாற்றியிருக்க வேண்டியதில்லை. பயனர் சமூகத்தில் ஒரு பகுதி பழி சொல்லிக்கொண்டிருந்தபோது, நிரலாளர்கள் பிழையைத் திருத்தினார்கள். புதியவர்களை எப்படி நடத்துவது என்பதற்கு இரண்டாவது வழியே முன்மாதிரி.

விளையாடும் முன் எடுக்க வேண்டிய முடிவுகள்

விண்டோஸில் கேம் விளையாடுபவர் முடிவெடுக்க வேண்டியது எந்தக் கேம் என்பதை மட்டும்தான். லினக்ஸில் அதற்கு முன்பே குறைந்தது நான்கு முடிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சிறியதுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் தவறான தேர்வு செய்ய வாய்ப்பு இருக்கிறது, தவறு செய்ததும் உடனே தெரிவதில்லை.

முதலாவது, எந்த வழங்கல்? உபுண்டு, மின்ட், பெடோரா, பாப் ஓஎஸ், மஞ்சாரோ, பசைட் என்று பட்டியல் நீளும். அனுபவசாலிகள் இதைச் சுதந்திரம் என்று கொண்டாடுவார்கள். புதியவருக்கு இது விடை தெரியாத தேர்வுத்தாள். பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பெயர் சொல்வார்கள்.

இரண்டாவது, கிராபிக்ஸ் இயக்கி. கேம் விளையாடுபவர்களில் பெரும்பாலானோர் வைத்திருப்பது என்விடியா அட்டை. அதற்கு நிறுவனத்தின் இயக்கியைத் தனியாக நிறுவ வேண்டும். மின்ட்டிலும் உபுண்டுவிலும் அதற்கென்று வரைகலைக் கருவி உண்டு. பெடோராவில் வெளிக் களஞ்சியம் ஒன்றை இயக்க வேண்டும். கணினியில் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், இயக்கிக்கான சாவியைப் பதிவு செய்யும் நீலத் திரை ஒன்று மறுதொடக்கத்தின்போது வரும். அது என்னவென்று தெரியாமல் தாண்டிவிட்டால், இயக்கி நிறுவப்பட்டிருந்தும் வேலை செய்யாது. கேம் மெதுவாக இயங்கும், அல்லது திறக்கவே திறக்காது. லினக்ஸ் சரியில்லை என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவார்.

மூன்றாவது, ஸ்டீமை எந்த வடிவத்தில் நிறுவுவது? டெப், பிளாட்பேக், ஸ்னாப் என்று மூன்று வடிவங்களில் அது கிடைக்கிறது. உபுண்டுவின் மென்பொருள் மையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படக்கூடியது ஸ்னாப். ஆனால் அந்த வடிவத்தில் சிக்கல்கள் அதிகம் என்றும், அதைத் தவிர்ப்பது நல்லது என்றும் வால்வில் பணியாற்றும் நிரலாளர் ஒருவரே 2024 தொடக்கத்தில் வெளிப்படையாகச் சொன்னார். மையத்தில் கண்ணுக்கு எதிரே இருப்பதைப் புதியவர் நிறுவியது குற்றமா?

நான்காவது, கேம்களை எங்கே வைப்பது? விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர், விண்டோஸ் பகுதியில் ஏற்கெனவே பதிவிறக்கிய கேமை லினக்ஸிலிருந்தும் பயன்படுத்த நினைப்பது இயல்பு. 100 ஜிபியை மறுபடி யார் இறக்குவார்கள்? ஸ்டீம் அந்தக் கோப்புறையைக் கண்டுபிடித்துக்கொள்ளும். கேம் மட்டும் திறக்காது. புரோட்டான் உருவாக்கும் சில இணைப்புகளின் பெயர்கள், விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையோடு ஒத்துப்போவதில்லை. பிழைச் செய்தியும் தெளிவாக வராது. கேம்களுக்கென்று லினக்ஸ் கோப்பு முறைமையில் ஒரு பகுதி ஒதுக்கினால் பிரச்சினை முடிந்தது. ஆனால் அதை முன்கூட்டியே யாராவது சொல்ல வேண்டும்.

ஸ்டீமுக்கு வெளியே போனால் இன்னும் ஒரு படி கூடும். எபிக் நிறுவனம் தன் கேம் கடைக்கு லினக்ஸ் பதிப்பு வெளியிடவில்லை. ஹீரோயிக், லூட்ரிஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் அந்த இடைவெளியை நிரப்புகின்றன. அவை நல்ல கருவிகள், தன்னார்வலர்களின் உழைப்பு. இருந்தாலும் கேமை விற்ற நிறுவனம் அவற்றுக்குப் பொறுப்பேற்காது. மைக்ரோசாப்டின் கேம் பாஸ் சந்தாவில் வரும் கணினி கேம்களை லினக்ஸில் நிறுவ முடியாது. இணைய உலாவி வழியாக கிளவுடில் விளையாடும் வழி மட்டுமே உண்டு.

அனுமதி இல்லை என்றால் வழியும் இல்லை

இதுவரை சொன்னவை பொறுமை இருந்தால் தீர்க்கக்கூடியவை. அடுத்தது அப்படி இல்லை.

பலர் சேர்ந்து ஆடும் போட்டி கேம்களில் ஏமாற்று நிரல்களைக் கண்டுபிடிக்க ஆன்டி-சீட் மென்பொருள் பயன்படுகிறது. அவற்றில் சில, இயங்குதளத்தின் மையமான கெர்னல் வரை நுழைந்து கண்காணிக்கின்றன. இவை விண்டோஸ் கெர்னலுக்காக எழுதப்பட்டவை. வைன் மாற்றித் தருவது சாதாரண நிரல்களின் கோரிக்கைகளை. கெர்னலுக்குள் நுழையும் இயக்கியை அப்படி மாற்றித் தர முடியாது. வேலோரன்ட் கேமில் உள்ள வேன்கார்ட் இப்படிப்பட்டது. அதே வேன்கார்ட் 2024-ல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸிலும் சேர்க்கப்பட்டபோது, வைன் வழியாக அதுவரை லினக்ஸில் ஆடியவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

எல்லா ஆன்டி-சீட்டும் இப்படி இல்லை. ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்னும் இரண்டும் 2021 செப்டம்பரில் புரோட்டானுக்கு ஆதரவு அறிவித்தன. ஆனால் ஒவ்வொரு கேம் நிறுவனமும் தன் கேமுக்கு அதை இயக்கி விட வேண்டும். இங்கேதான் தொழில்நுட்பக் கேள்வி அனுமதிக் கேள்வியாக மாறுகிறது. ஈசி ஆன்டி-சீட்டின் உரிமையாளர் எபிக் நிறுவனம். மற்ற நிறுவனங்களுக்கு லினக்ஸ் வசதியை அளித்த அதே நிறுவனம், தன் சொந்த கேமான போர்ட்நைட்டில் அதை அனுமதிக்கவில்லை. டெஸ்டினி 2-ஐ உருவாக்கிய பங்கி நிறுவனம், தடையைச் சுற்றி வந்து ஆட முயல்பவர்களின் கணக்கு முடக்கப்படும் என்றே எச்சரித்தது.

கொடுத்த அனுமதி திரும்பப் பெறப்படுவதும் உண்டு. ஜிடிஏ ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ சேர்க்கப்பட்டது. புரோட்டான் ஆதரவு இயக்கப்படவில்லை. முந்தைய நாள் வரை லினக்ஸில் ஆடியவர்களுக்குத் தனியாள் கதை மட்டும் மிஞ்சியது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2022-லிருந்து ஸ்டீம் டெக்கில் ஆதரிக்கப்பட்ட கேம். 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் முழுவதுமாகத் தடுக்கப்பட்டது. லினக்ஸ் வழியாக வரும் ஏமாற்று நிரல்களைக் கண்டறிவது கடினமாக இருக்கிறது என்று நிறுவனம் காரணம் சொன்னது. பயனரே மாற்றியமைக்கக்கூடிய கெர்னலில் கண்காணிப்பு கடினம் என்பது உண்மை. விண்டோஸிலும் ஏமாற்று நிரல்கள் ஓயவில்லை என்பதும் உண்மை. எப்படி இருந்தாலும், பணம் கொடுத்து வாங்கியவருக்கு இதில் சொல்வதற்கு எதுவும் இல்லை.

ஒரு கேம் நிறுவனத்துக்குத் தன் கணினியின் கெர்னல் வரை இடம் கொடுக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. கட்டற்ற மென்பொருளை விரும்புபவர்கள் அவசியம் எழுப்ப வேண்டிய கேள்வியும்கூட. ஆனால் நண்பர்களோடு தினமும் வேலோரன்ட் ஆடும் ஒருவர், லினக்ஸில் அதை ஆட முடியுமா என்று கேட்கும்போது சொல்ல வேண்டிய பதில் முடியாது என்பதுதான். அறிவுரையை அதன்பிறகு சொல்லலாம். பதிலுக்குப் பதிலாகச் சொல்லக் கூடாது.

தங்கம் என்றால் என்ன பொருள்?

ஒரு கேம் லினக்ஸில் இயங்குமா என்று பார்க்கப் பயனர்கள் நாடும் இடம் புரோட்டான்டிபி இணையதளம். பயனர்களே தங்கள் அனுபவத்தைப் பதிவு செய்கிறார்கள். அதன் அடிப்படையில் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம், இயங்காது என்று தரம் பிரிக்கப்படுகிறது. மிகவும் பயனுள்ள தளம். ஆனால் தங்கம் என்ற சொல்லைப் பார்க்கும் புதியவர் என்ன நினைப்பார்? மிக நன்றாக இயங்கும் என்றுதானே? அங்கே தங்கம் என்றால், சில மாற்றங்கள் செய்தபின் நன்றாக இயங்கும் என்று பொருள். எந்த மாற்றங்கள் என்பதைக் கீழே உள்ள பதிவுகளில் தேடிப் பிடிக்க வேண்டும். ஒருவர் ஒரு கட்டளையைச் சொல்வார், இன்னொருவர் வேறு புரோட்டான் பதிப்பைச் சொல்வார், மூன்றாமவர் எதுவும் தேவைப்படவில்லை என்பார். அனைவரும் உண்மையே சொல்லியிருக்கலாம். அவரவர் கணினி வேறு.

இதில் இன்னொரு சிக்கல், அறிவுரைகளின் வயது. இரண்டாண்டுக்கு முன் அவசியமாக இருந்த ஒரு மாற்றம் இன்று தேவையற்றதாக, சில நேரம் கேமையே நிறுத்துவதாக ஆகியிருக்கும். ஸ்டீமிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. வால்வ் சோதித்துப் பார்க்காத கேம்களுக்குப் புரோட்டானைப் பயன்படுத்த வேண்டுமென்றால், அமைப்புகளில் ஒரு தேர்வை இயக்க வேண்டும் என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. அது தெரியாதவர்களுக்கு நிறுவும் பொத்தானே வேலை செய்யவில்லை. 2025-ல் இது இயல்பாகவே இயக்கப்பட்டது. பழைய வழிகாட்டிகள் இன்னும் அந்தத் தேர்வைத் தேடச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

லினக்ஸுக்கென்று வெளிவந்த பதிப்பே சிறந்தது என்ற நம்பிக்கையும் இப்படித்தான். சில கேம்களின் லினக்ஸ் பதிப்பு பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும். அதே கேமின் விண்டோஸ் பதிப்பைப் புரோட்டானில் இயக்கினால் நன்றாக இயங்கும். லினக்ஸ் ஆதரவு என்று கடையில் எழுதியிருப்பதை நம்பி வாங்கியவருக்கு இது எப்படித் தெரியும்?

ஸ்டீம் டெக் சொல்லும் பாடம்

அப்படியானால் ஸ்டீம் டெக் வாங்கியவர்கள் மட்டும் எப்படிச் சிரமமில்லாமல் ஆடுகிறார்கள்? அதுவும் லினக்ஸ்தானே?

மேலே சொன்ன நான்கு முடிவுகளையும் அங்கே வால்வே எடுத்துவிட்டது. ஒரே வன்பொருள், ஒரே வழங்கல், ஒரே கடை. இயக்கி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இயங்குதளத்தின் முக்கியக் கோப்புகளைப் பயனர் சாதாரணமாக மாற்ற முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே 2021-ல் பாப் ஓஎஸ்ஸில் நடந்தது அங்கே நடக்காது. கேம் வாங்கும் முன்பே அது சோதிக்கப்பட்டதா, ஓரளவு ஆடக்கூடியதா, ஆதரவு இல்லையா என்று கடையிலேயே குறி போட்டுக் காட்டுகிறார்கள். லினக்ஸ் ஒரே நாளில் எளிதாகிவிடவில்லை. கடினமான பகுதிகளை ஒருவர் பொறுப்பேற்றுச் செய்து கொடுத்தார்.

சாதாரணக் கணினிகளுக்கும் இந்த அணுகுமுறை வரத் தொடங்கியிருக்கிறது. பெடோராவின் அடிப்படையில் உருவான பசைட், ஸ்டீமையும் தேவையான இயக்கிகளையும் சேர்த்தே தருகிறது. முக்கியக் கோப்புகள் பூட்டப்பட்டிருக்கும். புதுப்பித்தலில் சிக்கல் வந்தால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. வைன், டிஎக்ஸ்விகே, மீசா ஆகியவை கட்டற்ற மென்பொருள்கள். அவற்றில் செய்த முன்னேற்றம் எல்லாருக்கும் சொந்தம். நாளை வால்வ் பின்வாங்கினாலும் நிரல் அழியாது. ஆனால் ஸ்டீம் கட்டற்ற மென்பொருள் அல்ல. புதியவரின் அனுபவம் முழுவதும் ஒரு தனியார் கடையின் விருப்பத்தைச் சார்ந்து நிற்பது கட்டற்ற மென்பொருளின் நோக்கத்தோடு முழுவதும் பொருந்தாது. இதை மறைக்கத் தேவையில்லை. மாற்று வழி வேண்டும் என்றால், வால்வ் செய்த அந்தச் சலிப்பூட்டும் வேலைகளைச் சமூகமும் செய்ய வேண்டும்: சோதிப்பது, முடிவெடுத்துத் தருவது, பழைய வழிகாட்டிகளை நீக்குவது.

உண்மையிலேயே ஒரே சொடுக்கில் இயங்கும் கேம்கள் லினக்ஸில் நெடுங்காலமாக இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். சூப்பர்டக்ஸ்கார்ட், 0 ஏ.டி., வெஸ்நோத், முன்பு மைன்டெஸ்ட் எனப்பட்ட லுவான்டி, குழந்தைகளுக்கான ஜிகாம்ப்ரிஸ் ஆகியவை கட்டற்றவை, இலவசமானவை, பழைய கணினிகள் பலவற்றிலும் இயங்கக்கூடியவை. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இவையே போதும். ஆனால் குறிப்பிட்ட ஒரு கேமைக் கேட்டு வருபவரிடம் இவற்றை மாற்றாக நீட்டுவது, இட்லி கேட்டவருக்கு உப்புமா வைப்பது போல. உப்புமா நல்ல உணவாகவே இருக்கலாம்.

யாருக்கு எளிது, யாருக்குக் கடினம்?

தொகுத்துப் பார்த்தால் பதில் இப்படி வரும்.

தனியாள் கேம்களை ஸ்டீமில் ஆடுபவர், ஏஎம்டி அல்லது இன்டெல் கிராபிக்ஸ் வைத்திருப்பவர் என்றால் இன்று லினக்ஸ் எளிது. தயங்காமல் மாறலாம்.

என்விடியா அட்டை வைத்திருப்பவர், அல்லது எபிக் போன்ற வேறு கடைகளில் கேம் வாங்கியவர் என்றால் மாறலாம். ஆனால் முதல் வாரத்தில் சில மணி நேரம் செலவாகும். தெரிந்தவர் ஒருவர் உடன் இருந்தால் நல்லது.

லினக்ஸை அனுமதிக்காத போட்டி கேம்களை ஆடுபவர் என்றால், அந்த கேம்களுக்காக விண்டோஸை வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது அவற்றை விட்டுவிட வேண்டும். மூன்றாவது வழி இல்லை. எந்தெந்த கேம்களின் ஆன்டி-சீட் லினக்ஸில் அனுமதிக்கப்படுகிறது என்பதைத் தொகுத்துத் தரும் இணையதளங்கள் உள்ளன. மாறும் முன்பே அவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

லினக்ஸைப் பரிந்துரைப்பவர்கள் எந்த வழங்கல் சிறந்தது என்ற விவாதத்தில் இறங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். கடந்த ஆறு மாதத்தில் நீங்கள் உண்மையில் ஆடிய கேம்கள் எவை? உங்கள் கணினியில் இருப்பது எந்த கிராபிக்ஸ் அட்டை? கேம்களை எந்தக் கடையில் வாங்கினீர்கள்? பதில்களைக் கேட்டபின் ஒரே ஒரு வழங்கலைச் சொல்லுங்கள், ஐந்தைச் சொல்லாதீர்கள். சிலருக்கு, இப்போது மாற வேண்டாம் என்று சொல்ல நேரும். சொல்லுங்கள். அந்த நேர்மையை அவர் நினைவில் வைத்திருப்பார். அவர் ஆடும் கேம்கள் மாறும்போது மறுபடி உங்களிடமே வந்து கேட்பார். எல்லாம் ஓடும் என்று சொல்லி அனுப்பப்பட்டு ஏமாந்தவர் திரும்ப வருவது அரிது.